அங்கே நாலு, இங்கே ஒன்றரை

கீழக்கரை ஜெட்டிப் பக்கம் காலாற நடந்தால்
வலை பிரித்துக்கொண்டிருப்பவன் தலை நிமிராமல் கேட்பான்:
"என்ன சபராளி, எப்பப் பயணம்?"
நாலு வருடமாக ஒரே பதில்தான்.
"இனி இல்லப்பா, வந்தாச்சு."
தலையாட்டுவான்.
மறுநாளும் கேட்பான்.

வந்தாச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.
தைப்பிங்கில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையை
எழுத்துப் பலகையோடு
தங்கச்சி மகன் சேகு நெய்னாவிடம் ஒப்படைத்துவிட்டு
இரண்டு பெட்டியும் ஒரு குடையுமாக வந்து இறங்கினேன்.
பெட்டிகள் பரணுக்குப் போயின.
குடை மட்டும் கதவோரம்
வேலை கேட்டு வந்தவனைப் போல நின்றது.

இங்கே மழை தூரத்துச் சொந்தம்.
ஐப்பசியில் ஒரு நாள் வந்து
சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விடும்.
மிச்ச நாளெல்லாம் தண்ணீர் லாரியின் ஹாரன்.
அங்கே அது பக்கத்துக் கடைக்காரன்;
நாலு மணிக்கு வந்தே தீரும்.
வராது என்று லிம் கிழவர் காப்பி பந்தயம் கட்டுவார்.
வந்த மழைக்கு அவர் தர வேண்டியது
நானூறு காப்பியாவது இருக்கும்.

வீடு மகளுக்கு, ஊர் வழக்கப்படி.
மருமகன் தங்கமான பிள்ளை.
நான் கூடத்தில் உட்கார்ந்தால் டீவி சத்தத்தைக் குறைப்பான்.
மாடிக்குப் போய் உட்கார்ந்து
அது மெல்லக் கூடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் சுல்தானியா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.
"எங்க போறே?" என்றேன், சும்மாதான்.
கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.
முப்பத்தாறு வருடத்தில்
அந்த வாசலில் யாரும் கேட்டிராத கேள்வி அது.

சிவப்பு ஐசி பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில்.
திரும்பிப் போவதற்கான அனுமதி ஏப்ரலோடு முடிகிறது.
ராத்திரி அதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது
"காட்டுங்க" என்று வாங்கினாள்.
கையை நீட்டி நீட்டித் தள்ளிப் பிடித்தாள்.
என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.
சரியாக இருந்தது.
இரண்டு பேருக்கும் ஒரே பவர்.
ஊர் பேர் தெரியாதவருக்கெல்லாம் கண் பார்த்தவன்
இவள் கண்ணை ஒரு நாளும் பார்த்ததில்லை.

தேதியைப் படித்துவிட்டுச் சொன்னாள்:
"நீங்க இல்லாத முப்பத்தாறு வருஷம் பழகிப் போச்சு.
இந்த நாலு வருஷந்தான் பழகலை."
கோபமில்லை. அரிசியில் கல் பொறுக்கும் குரல்.
"நீயும் வாயேன்."
"எனக்கென்ன, இங்க ஒரு குறையுமில்லையே."
கண்ணாடியைத் துடைத்துத்தான் திருப்பித் தந்தாள்.

அஸருக்குப் பிறகு சீனி மரைக்கா பிடித்துக்கொண்டார்.
"அறுபத்தெட்டு வயசுல கடல் தாண்டணுமா?
ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"
அங்கேயும் மண் இருக்கு மரைக்கா, என்றேன்.
நல்ல ஈரமான மண்.
அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.
அவர் செருப்பைத் தேடும் சாக்கில் குனிந்துகொண்டார்.

மகள் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள்
பெட்டிகளைப் பரணிலிருந்து அவளே இறக்கினாள்,
தூசி தட்டும்போது தேவைக்கு மேல் தட்டினாள்.
சுல்தானியா ஓலைப் பெட்டியில் தொதல் வைத்தாள்.
அங்கேயும் கிடைக்குமே, டோடோல் என்பார்கள் என்றேன்.
"அது அது. இது இது."

இன்று காலை ஜெட்டியில் அவன் கேட்டான்.
"பதினேழாம் தேதி."
வலையைக் கீழே போட்டுவிட்டு
முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.
அடுத்து என்ன கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

குடையை எடுத்தபோது அவள் சொன்னாள்:
"மழை பெஞ்சா போன் போடுங்க.
பேச வேணாம். சத்தம் கேட்டாப் போதும்."
அங்கே நாலு மணி என்றால் இங்கே ஒன்றரை,
சாப்பிட்டு நீ கண் அசரும் நேரமாச்சே, என்றேன்.
நான் எப்போது தூங்குவேன் என்று
இவருக்கு எப்படித் தெரியும் என்பதுபோல்
ஒரு நொடி பார்த்தாள்.
பிறகு,
"பரவால்ல, எழுப்புங்க."