மூவாயிரத்துப் பதினேழாம் மாதிரி

மகச்கலாவில் கரண்ட் போய் இருபது நிமிடம்.
மேசைக்கடியில் யூபிஎஸ் கீச்சிடுகிறது.
பாரியாத் கோட்டைக் கழற்றாமலே பார்க்கிறாள்:
பக்கத்துக்கு அறுபத்துநாலு அறைகள் கொண்ட கனசதுரம்,
அறைக்கு ஓர் அம்பு,
மேலே பார்த்தது, கீழே பார்த்தது.
ஐந்தில் ஓர் அறை காலி.
எது காலி என்று சொன்னது பகடை.

மாறுநிலை வெப்பம் நெருங்க நெருங்க
மந்தித்துப் போகிறது எல்லாம்.
இந்த மூலையில் ஒன்று புரண்டால்
அந்த மூலைக்குச் சேதி உண்டு;
போய்ச் சேரத்தான்
கோடிச் சுற்று.

டார்ச்சோடு வருகிறார் காவலர் குர்பானிஸ்மாயில்.
“காந்தம் செத்துப்போச்சா?”
“இன்னும் தீர்மானிக்கவில்லை.”
“எங்கள் வீட்டுத் தண்ணீர்க்குழாயும் அப்படித்தான்”
என்று அவர் சிரிக்கும்போதே
திரை அணைகிறது.

நோட்டில் எழுதுகிறாள்: 3017, மின்வெட்டு.
முந்தைய மூவாயிரத்துப் பதினாறும்
ஒன்றைப் போல் ஒன்று இல்லை.
சராசரிக்குத்தான் நியாயம் தெரியும்,
தனி மாதிரிக்கு அததன் ஓட்டை.

வெளியே ஒரு தெருவில் வெளிச்சம், அடுத்ததில் இருட்டு.
அதை உவமையாக்க அவளுக்கு விருப்பமில்லை.
காஸ்பியன் காற்றுக்குக் காதைப் பொத்திக்கொண்டு
டாக்சி தேடுகிறாள்.

விதை எண் மனப்பாடம்.
காலையில் அதைத் தட்டினால் போதும்,
அதே காலி அறைகள் முளைக்கும்,
ஒன்றுகூடப் பிசகாமல்.