பீப்

களியக்காவிளையில், மீன்சந்தைக்குப் பின்னால்,
பத்துக்குப் பத்து அறை. கேபிள் ஆபீஸ்.
மேசைமேல் இரண்டு டிவி:
ஒன்றில் மலையாளம், ஒன்றில் தமிழ்.
ராத்திரி எட்டரைக்கு இரண்டிலும் ஒரே கார்ட்டூன்.

இருபத்திரண்டு வருஷமாக
சலவைக்கடைக்காரன் மகளுக்கு முன்பல் முளைக்கவில்லை.
இருபத்திரண்டு வருஷமாக
அந்த ஊர் மேயர் டை கட்டிய பெருச்சாளி.
தேர்தல் வரும். பெருச்சாளி தோற்கும்.
அடுத்த வாரம் அதே நாற்காலியில் அதே வால்.

போன புதன்கிழமை, குப்பைக் கதை.
பெருச்சாளி ராவோடு ராவாக
ஊர்க் குப்பையைப் பக்கத்து ஊர் ஆற்றில் கொட்டுகிறது.
பக்கத்து ஊர் மேயர் ஒரு கொக்கு,
ஒற்றைக்காலில் நின்று நோட்டு எண்ணுகிறது.

மலையாளத்தில் கொட்டுவதை வெட்டிவிட்டார்கள்.
கொக்கு எண்ணுவது மட்டும் முழுசாக, சிரிப்பொலியோடு.
தமிழில் லாரி லாரியாகக் கொட்டுகிறது;
கொக்கு அலகைத் திறந்ததும்
பீப்.

பாறசாலைக்காரன் கொக்கைப் பார்த்துச் சிரிப்பான்.
குழித்துறைக்காரன் பெருச்சாளியைத் திட்டுவான்.
முழுக் குற்றமும் ஓடுவது
இந்த அறையில்தான். பார்க்க நான் ஒருத்தன்.

அன்றைக்குக் கனகபாயும் இருந்தாள்,
மாசச் சந்தா கொடுக்க வந்தவள்.
இடுப்பைச் சுற்றி ரேஷன் அரிசி, ஆறு கிலோ,
கடைசி பஸ்ஸுக்குத் தயாராக.
இரண்டு டிவியையும் மாறிமாறிப் பார்த்தாள்.
"அரிசி அங்க போவுது, அழுக்கு இங்க வருது.
ரெண்டு பக்கமும் பஸ் காசு எனக்காக்கும்."

அப்போது பீப். மறுபடி பீப், பீப், பீப்.
என்னத்தை இப்படி வெட்டித் தள்ளுகிறான்கள் என்று பார்த்தால்
இரண்டு டிவியிலும் சோப்பு விளம்பரம்.
சத்தம் ஜன்னலுக்கு வெளியே.
ஓடைப் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிறது.

காலையில் போய்ப் பார்த்தேன்.
உடைந்த மீன்பெட்டிகள், அவற்றுக்கடியில்
ஊசி, ரத்தம் காய்ந்த பஞ்சு, குளுக்கோஸ் குழாய்,
ஐந்தாம் வார்டு லிஸிக்குட்டி என்று எழுதிய
ஒரு பிளாஸ்டிக் கைப்பட்டை.

நம்பர் பிளேட் ராத்திரியே பார்த்திருந்தேன். தமிழ்நாடு.
வண்டி ரசலையனுடையது.
ஸ்போர்ட்ஸ் பேக்கேஜும் சேர்த்து வாங்குகிற ஆள்,
மூன்று வருஷத்தில் ஒரு மாசம் பாக்கி வைத்ததில்லை.

மத்தியானம் சுகாதார ஆய்வாளர் வந்தார்.
"ராத்திரி ஏதாவது பாத்தீராவேய்?"
"டிவி பாத்துக்கிட்டிருந்தேன் சார்."
"என்ன ஓடிச்சு?"
சொன்னேன்.
பேனாவை மூடிக்கொண்டு சிரித்தார்.
அவர் மகள் சின்னதில் விடாமல் பார்ப்பாளாம்
அந்தப் பல்லில்லாத பிள்ளையை.
இப்போது திருவனந்தபுரத்தில் நர்ஸ்.