நாலாவது மரம்

நாகர்கோவிலில் போட்டி.
நடுவர் என் படத்தின் முன் நின்றது
ஒரு தும்மல் நேரம்.
"எல்லாம் சரி, ஒரு ஆள் வேணும் இதுல.
தலையில சுமையோட ஒரு பொம்பள,
இல்லன்னா நாய்க்குப் பின்னால ஓடுற ஒரு பையன்.
ஆளில்லாத படம் காலண்டருக்குத்தான்."

படத்தில் இருந்தது
பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டம்,
காலை ஆறேகால்.
ஒன்பது மரம், ஒன்பது சிரட்டை,
மழைக்கு ஒட்டிய பிளாஸ்டிக் பாவாடை.
பால் சொட்டுகிற சத்தம் படத்தில் விழவில்லை.

ஆட்கள் மேல் எனக்கு வெறுப்பில்லை.
ஏழு வருடம் கன்னியாகுமரிக் கடற்கரையில்
அவர்களால்தான் சாப்பிட்டேன்.
உள்ளங்கையில் சூரியனை வைத்துத் தா என்பார்கள்.
கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது, விரலை மூடாதீங்க.
வைத்துத் தந்தேன்.
எத்தனையோ ஆயிரம் படம்.
எல்லாவற்றிலும் எல்லோரும்
சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள்.
நான் ஒருத்திதான் அதைப் பார்த்தேன்,
அதுவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

பிறகு குலசேகரத்தில் ஸ்டூடியோ.
கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம்.
பின்னால் இருக்கும் வீட்டை, வாழையை, கிணற்றை
மவுஸால் துடைத்துத் துடைத்து
ஆளை மட்டும் நிறுத்துகிற வேலை.
ஞாயிறு விடியலில் மட்டும்
ஆளில்லாத இடமாகப் பார்த்து ஸ்கூட்டரை விடுவேன்.
ஓய்வா பழிவாங்கலா என்று கேட்டால்
இரண்டும் கொஞ்சம்.

தோற்ற படத்தைச் சுவரில் மாட்டினேன்,
ஸ்விட்ச் போர்டு பக்கத்து விரிசலை மறைக்க.

வேதமணி வந்தது ஒரு மழை நாள்.
மழையென்றால் வெட்டு இல்லை.
முப்பது வயதிருக்கும்,
சட்டையில் ஒட்டுப்பால் நாற்றம்.
மலேசியாவில் ஏதோ எண்ணெய்ப்பனைத் தோட்டமாம்,
பாஸ்போர்ட்டுக்குப் படம்.
காது ரெண்டும் தெரியணும், பல் தெரியக்கூடாது,
பின்னால் வெள்ளை.
எடுத்தேன்.
பிரிண்ட் வருவதற்குள் எழுந்துபோய்
மூக்கு கண்ணாடியில் முட்டச் சுவர் முன் நின்றான்.

"இது எனக்க பிளாக்காக்கும்."

விரலால் மரம் மரமாகத் தொட்டான்.
"இது நான். இதும் நான். இதும்.
நாலாவதுலேருந்து நான் இல்ல.
கத்தி உள்ள எறங்கியிருக்கு பாருங்க,
மரத்துக்கு நொந்திருக்கும்.
அன்னைக்கு எனக்குப் பனியடிச்சு
மூணு மரத்தோட உக்காந்துட்டேன்.
மிச்சம் மச்சினன் பிறைட்சிங் வெட்டினான்.
அவனுக்குப் பொறுமை கெடையாது."

மூன்றாவது மரத்துக்கும் நாலாவதுக்கும் இடையே
பத்தடி இருக்கும்.
சருகு, ஒரு கல், கொஞ்சம் இருட்டு.
நூறு தடவை பார்த்திருக்கிறேன்.
அங்கே ஒருவன் தலை விளக்கைக் கழற்றி
முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கியிருக்கிறான்.
யாருமில்லை என்று நம்பி
அந்த இடத்தைத்தான் படத்தின் நடுவில் வைத்திருந்தேன்.

எட்டுப் பிரதியை வெட்டி நீட்டினேன்.
ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
"இது ஆரு? எனக்க தம்பி மாதிரி இருக்கான்."
சிரித்தான். பல் தெரிந்தது.
அறுபது ரூபாய் தந்தான்.
மரப்படத்துக்கு விலை கேட்கவில்லை.

நடுவருக்குச் சொல்லலாம் என்று நம்பர் தேடினேன்,
பிறகு விட்டுவிட்டேன்.
பக்கத்தில் நின்று ஒருவன் சொன்னால்தான் தெரிகிற ஆள்
படத்தில் இருக்கிறானா இல்லையா?
எனக்கே இன்னும் முடிவாகவில்லை.
கத்தி பிடித்துப் பழகாத கண்ணுக்கு
அது ஒன்பது மரம்தான்.
காலண்டருக்கும் ஆகும்.

தவிர, அவர் கவனிக்காத குறை ஒன்று.
பெரிதாக்கினால் தெரியும்:
படம் முழுக்க ஒரு மயிரிழை ஆடியிருக்கிறது.
அன்று கட்டன்சாயா குடிக்காமல்
கிளம்பியிருந்தேன்.