ஐஸ் கணக்கு

மாயேபூரில் மருதைமுத்து ஐஸ் கம்பெனிக்குக்
கணக்கெழுதுகிறவள் நான். பதினோரு வருடம்.
பற்று வரவெல்லாம் பிரெஞ்சில்.
ஒரே ஒரு பத்தியின் தலைப்பு மட்டும் தமிழில்.
அதைப் பற்றித்தான் இது.

முதலாளி பெயர் லோகநாடன்.
மேடையில் அவருக்குத் திராகோன் என்று பெயர்.
புளூ பே ஹோட்டலில், செவ்வாயும் சனியும்,
சாப்பாட்டு மேசைகளுக்கும் கடலுக்கும் நடுவே
சட்டையில்லாமல் வந்து நெருப்பை ஊதுவார்.
அதற்கு முன் ஃப்ளோரியாலில் ஸ்வெட்டருக்குக் கை தைத்தவர்.
மில் மூடிய அன்று தந்த கவரில்
பஸ் காசு போக மிஞ்சியது
ரொட்டிக்கும் ஒரு டின் சார்டினுக்கும்.

நெருப்பை யாரும் சொல்லித் தரவில்லை.
கரும்புக்காட்டு ஓரத்தில்
மண்ணெண்ணெயை வாயில் அடக்கி,
காற்று எந்தப் பக்கம் என்று பாராமல்.
முதல் தடவை புருவம் போயிற்று.
அப்புறம் நாக்கில் ருசி போயிற்று;
புருவம் மட்டும் திரும்பி வந்தது.
ஒரு ராத்திரிக்கு முந்நூறு ரூபாய்.
ஜெர்மன்காரக் குழந்தைகள் கூச்சலிடும்.
கைதட்டல் ஓயுமுன்
சமையலறைப் பின்வாசலில் அவர்
பால் குடித்துக்கொண்டு இருமுவார்.

அங்கேதான் பார்த்தாராம்,
போர்ட் லூயிஸிலிருந்து வரும் ஐஸ் லாரி
வழியெல்லாம் ஒழுகியபடி வந்து நிற்பதை.
"ரோடு குடிச்ச பாதிக்கும் ஹோட்டல்தான் காசு கொடுக்குது."
பாங்கில் ஈடு என்ன என்றார்கள்.
"என் வாய்" என்றார். சிரித்து அனுப்பினார்கள்.
மூடிப்போன மீன் ஆலையின் துருப்பிடித்த மெஷினை
மூன்று வருட நெருப்பை விற்று வாங்கினார்.
இப்போது நாலு லாரி, பதினாறு ஆள்.
பாங்க் மேனேஜர் மகள் கல்யாணத்துக்கும் எங்கள் ஐஸ்தான்
(ஒரு ரூபாய் குறைக்கவில்லை. பில் போட்டது நான்).

இனித்தான் சொல்ல வேண்டியது.

புயலடித்துக் கரண்ட் போன மூன்றாம் நாள்.
ஜெனரேட்டர் எங்களிடம் மட்டும்.
ராத்திரி பத்து மணிக்கு ஈரக் காலோடு வந்தாள்
மீன்காரர் ஆன்செல்மின் மனைவி ரோஸ்மே.
ஆன்செல்ம் மதியமே போய்விட்டார்.
மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவேண்டும், விமானம் இல்லை.
நாலு பார் ஐஸ் கேட்டாள்.
கைக்குட்டையில் காசு முடிந்து வைத்திருந்தாள்.
முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தேன்.
அத்தனையும் ஹோட்டலுக்கு. முன்பணம் வாங்கியாயிற்று.
"நாளைக்குக் காலையில வா, ரோஸ்மே."
சொன்னது அவர். புத்தகத்தை மூடியது நான்.

மகனுக்குக் காத்திராமல்
விடிந்ததும் புதைத்துவிட்டார்கள்.
ஹோட்டலில் அன்று
அன்னாசிச் சாற்றில் மிதந்தது அந்த ஐஸ்.

அதன் பிறகு சாவு வீட்டுக்கு எங்களிடம் விலை கிடையாது.
கும்பிடும் சாமி எதுவானாலும்.
அவரே லாரி ஓட்டிப் போவார்.
மரத்தூளைத் தட்டி, சாக்கில் சுற்றி,
தலைமாட்டில் ஒன்று, காலடியில் ஒன்று,
விலாப் பக்கம் இரண்டு.
ஒருமுறை கூடப் போனேன்.
தீ ஊதிய வாய் அங்கே ஒன்றும் பேசவில்லை.
காபி தந்தார்கள், குடித்தார்,
ருசி தெரியாத நாக்கால்
"நல்லா இருக்கு" என்றார்.

தணிக்கைக்கு வந்த பையன் கேட்டான்:
இந்தப் பத்தி என்ன மேடம், விளம்பரமா? தருமமா?
தருமம் என்றால் வரிச் சலுகை உண்டே.
தலைப்பை அவனுக்கு வாசிக்கத் தெரியாது.
கோயில் பள்ளியில் படித்த என் கோணல் தமிழில்
எழுதி வைத்திருக்கிறேன்:
பழைய பாக்கி.

ரோஸ்மே மீன் விற்கிறாள் இப்போது.
எங்களிடம்தான் ஐஸ் வாங்குகிறாள்.
சும்மா கொடுத்தால் தொடமாட்டாள்.
சில்லறையை மேசையில் வரிசையாக வைப்பாள்.
மீதி இரண்டு ரூபாயை
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.