பக்கம் 212

வால்டிவியாவில் மழை செய்தி அல்ல.
நின்றால்தான் செய்தி.
வனவியல் துறையின் அடித்தளத்தில்
கோப்பறை என் பொறுப்பு.
தாளில் ஈரம் ஏறாமல் காக்கச் சம்பளம்,
வாசிக்க அல்ல.
வாசிக்கிறேன்.

பதினோரு ஆண்டுக் கூட்டக் குறிப்புகள்
ஒரே கையெழுத்தில்.
முனைவர் இஸ்மேனியா காட்ரிலேயோ,
வேர்ப் பூஞ்சைகளை ஆராய்பவர்,
ஒன்பது பேராசிரியர்களில் ஒரே பெண்.
முதல் கூட்டத்தில் யாரோ சொன்னாராம்:
"முத்து முத்தாக எழுதுகிறீர்களே,
இன்றைக்கு மட்டும் குறித்துவிடுங்களேன்."
அந்த இன்றைக்கு
இன்னும் பொழுது சாயவில்லை.
கையெழுத்து நன்றாய் வாய்த்தவர்க்குத்
தலையெழுத்து எப்படி வாய்க்குமென்று
சொல்லவா வேண்டும்.

பால்டோமேரோ முன்மொழிந்தார். ரோசாமெல் மறுத்தார்.
துறைத்தலைவர் ஒரு வேடிக்கை சொன்னார்
(அதையும் எழுதியிருக்கிறார்).
இஸ்மேனியா சொன்னார் என்று
ஓரிடத்திலும் இல்லை.
பேச இல்லாமலா?
எழுதுகிற தலை நிமிர்வதற்குள்
அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.

பக்கம் 140இல் மட்டும்,
ஓரத்தில், பென்சிலில்:
"இதை நான் மார்ச்சிலேயே சொன்னேன்."
பிறகு அழித்திருக்கிறார்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

ஜூன் மாதச் செவ்வாய்.
கூட்ட அறை அடுப்புக்கு விறகு வைக்கப் போயிருந்தேன்.
நான்காம் பொருள்: காட்டு முகாம்.
மாணவிகள் வேண்டாம்,
தனிக் கூடாரம், வீண் செலவு.
தலைகள் ஆடின.
அவர் பேனாவை மூடினார்.
திருகி மூடுகிற பேனா, சத்தமே இல்லை.
மேசையின் நடுவே வைத்தார்.
கொட்டிப்போன தேநீரைப் பார்ப்பதுபோல்
எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள்,
பார்த்துக்கொண்டே இருந்தால்
தானே துடைபட்டுவிடும் என்று.

வெள்ளியன்று தாள் கீழே வந்தது.
தேதி. வந்திருந்தோர் ஒன்பது பேர்.
பிறகு வெறுமை.
அடியில் எட்டுக் கையொப்பம்,
வழக்கம்போல் வாசிக்காமல் போட்டவை.
வெற்றுத்தாள் ஏகமனதாக நிறைவேறியிருந்தது.
கிழித்துவிடு என்று தலைவர் தொலைபேசினார்.
சரி என்றேன்.
இரண்டு துளை போட்டேன்,
212 என்று எண்ணிட்டேன், கோத்தேன்.

213 பால்டோமேரோவின் கையெழுத்து:
கோழி கிளறிய குப்பை.
அதில்தான் முதன்முதலாக
"முனைவர் இஸ்மேனியா சொன்னார்:"
கூடாரத்தின் விலை, ஒரு விருந்தின் செலவோடு.
எட்டாண்டாக நகராத தன் சம்பளப் படி.
ஐந்தரைக்கு மூடும் குழந்தைகள் காப்பகம்,
ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டம்.
பிறகு ஒரு கோடு,
"வேகமாகப் பேசுகிறார், தொடர முடியவில்லை."

கூடாரம் கிடைத்தது.
சம்பளம் பரிசீலனையில்.
அந்தச் சொல்லை மூன்றுமுறை
தப்பாக எழுதி அடித்திருக்கிறார் பால்டோமேரோ.
எனக்குச் சிரிப்பு வந்தது,
உடனே நின்றது.

140ஆம் பக்கத்தை ஆறாண்டுக்கு முன்பே
விளக்கில் சாய்த்துப் பார்த்தவள் நான்.
யாரிடமும் சொன்னதில்லை.

இன்று 212ஐ மீண்டும் எடுத்தேன்.
வந்திருந்தோர் ஒன்பது பெயருக்குக் கீழே
பத்தாவதாக எழுதினேன்:
ஒட்டிலியா, அடுப்பருகே.
பேனாவால்.