இருநூற்று நாற்பது மீட்டர்

ஆணை ஒரே தாளில் வந்தது:
மெயின் லைனில் ஓட வேண்டுமென்றால்
இருட்டில் இருநூற்று நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஆள்
தெரிந்தாக வேண்டும்.
நீராவி என்ஜின் என்பதால் சலுகை இல்லை.

ஈரோடு ஷெட்டில் மின்சாரப் பிரிவு நான்.
கரியைத் தொட்டவள் இல்லை.
ஏணி வைத்து ஏறி அதன் நெற்றியில் கை வைத்தேன்.
உள்ளே யாரோ விழித்திருப்பதுபோல் சூடு.

பித்தளை வளையம், வெள்ளி பூசிய கிண்ணம்,
நடுவில் ஒரு மஞ்சள் பல்பு.
ஆவி குறைந்தால் மங்கும், கூடினால் பொங்கும்.
தன்னைக் காட்டத் தெரியும் அதற்கு.
வழி காட்டுவது வேறு வேலை.

"துளை போடக் கூடாதுங்க அம்மிணி,
ஒரு திருகாணிகூட."
போத்தனூரிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் தேவசகாயம்
அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.
மூன்று நாள் யோசித்து,
பஃபர் பலகையைக் கவ்வும் இரும்புப் பட்டை ஒன்று செய்து
இரண்டு எல்.இ.டி. விளக்கு மாட்டினேன்.
பட்டு வேட்டிக்கு மேல்
ஹெல்மெட் போட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

சோதனை ஓட்டம் இரவு ஒன்றே காலுக்கு,
ஊத்துக்குளி வரை.
ஓட்டுகிறவர் மாரப்பன்.
தொட்டிபாளையம் தாண்டியதும் சுவிட்சைப் போட்டேன்.

வெள்ளை.
தண்டவாளம் இரண்டும் இப்போதுதான் வார்த்தவைபோல் நீண்டன.
கிளுவை வேலி. ஓர் இட்டேரி.
மின்கம்பத்தில் தூங்கிய மயிலின்
கழுத்து மட்டும் நீலமாகத் திரும்பியது.

ஈங்கூரில் சிக்னலுக்கு நின்று
மறுபடி கிளம்பும்போது சிலிண்டர் வால்வைத் திறந்தார்.
எங்கள் ஆவியே எங்கள் முன்னால் சுவராக எழுந்தது.
வெள்ளை வெளிச்சம் வெள்ளையில் மோதி
எங்கள் கண்ணிலேயே வந்து விழுந்தது.
"அணைங்க, அணைங்க!"
அணைத்தேன்.
பழைய பல்பு மட்டும்,
மோரில் போட்ட மஞ்சளாக ஆவிக்குள் கரைய,
பாதை கொஞ்சம் தெரிந்தது.
கொஞ்சம்தான்.
"இதை நம்பித்தான் ஓட்டியிருக்கானுங்க"
என்றார் மாரப்பன், யாரிடமோ சொல்வதுபோல்.

விஜயமங்கலத்துக்கு முன்னால், மறுபடி வெள்ளையில்,
தண்டவாளத்தின் நடுவே ஒருவன்.
எங்களுக்கு முதுகு காட்டி நடக்கிறான்.
சிப்காட்டில் ஷிப்டு முடித்தவனாக இருக்கலாம்.
ஊரையே எழுப்பும் விசில்
அவன் காதில் ஓடிய பாட்டைத் தாண்டவில்லை.
பிரேக்கைப் பிடித்தபடி மாரப்பன் பல்லைக் கடித்தார்.

அவனை எட்டியது அவன் நிழல்தான்.
காலடியிலிருந்து கிளம்பி
ஸ்லீப்பர் ஸ்லீப்பராக மடிந்து
அவனுக்கு முன்னே ஓடியது.
குனிந்து அதைப் பார்த்தான்.
ஜல்லியில் இறங்கினான்.

அந்த வெளிச்சத்துக்குப் பின்னால்
தினமும் பார்க்கிற ஏதோ எக்ஸ்பிரஸைத்தான்
எதிர்பார்த்திருப்பான்.
புகையும் தீயும் கரும்பானை வயிறுமாக
நாங்கள் ஊர்ந்து கடந்தபோது
ஒரு காதிலிருந்து மட்டும் அதைப் பிடுங்கினான்.
"வூடு போய்ச் சேரு சாமி!" என்று கத்தினார் மாரப்பன்.
குரல் உடைந்திருந்தது.

ஊத்துக்குளி லூப் லைனில் இறங்கி
எல்.இ.டி. கண்ணாடியில் படிந்த கரியைத் துடைத்தேன்.
பித்தளைக் கிண்ணத்தையும்.
ஆணையில் அது இல்லை.

அப்புறம்தான் உறைத்தது.
என்ஜினைத் திருப்ப இங்கே வட்டமேடை கிடையாது.
திரும்பும்போது டெண்டர்தான் முன்னால்.
டெண்டரின் முதுகில் விளக்கு வைக்க
தாளுக்கும் தோன்றவில்லை,
தேவசகாயத்துக்கும்,
எனக்கும்.

கன்ட்ரோல் கிளம்ப விடவில்லை.
கரி மேட்டின் ஓரம் உட்கார்ந்து
வேகாத பன்னும் ஆறிய டீயும்.
எங்களைத் தாண்டிப் போன சரக்கு வண்டிகளை எண்ணினோம்.
ஒவ்வொன்றின் வெளிச்சமும்
எங்களைக் கழுவிவிட்டுப் போனது.

ஐந்தே முக்கால்.
ஈரோட்டுப் பக்கம்,
போக வேண்டிய அதே பக்கம்,
வெளுத்தது.
போனில் கேட்டார்கள்: "ஆள் தெரியுதா?"
பாயிண்ட்ஸ் அருகே ஒருவர்
சொம்போடு போய்க்கொண்டிருந்தார்.
"தெரியுதுங்க" என்றேன்.