நூற்றுப் பதினேழாம் டோக்கன்

ஏழு ஹேங்கர் இடது தோளில்,
ஒரு கை மட்டும் ஹேண்டில்பாரில்.
அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டார் போலீஸ்காரர்.

அஜ்மான், நுஐமியா. பார்மசிக்குப் பின்புறம்.
மக்ரிப் பாங்கு முடிந்த கையோடு
பார்க்கிங்கிலிருந்து பின்னால் எடுத்த கார்.
நின்றிருந்தேன், சைக்கிள்தான் வந்து மோதியது
என்கிறார் காரோட்டி.
வழக்கு இவ்வளவுதான்.

காரோட்டி நம்மூர்க்காரர்.
"ஏனுங்க, அடி பலமுங்களா" என்று
தூக்கிவிட்டதும் அவர், தண்ணீர் வாங்கித் தந்ததும் அவர்.
போலீஸ்காரர் மொழி எனக்கு வராது
என் மொழி அவருக்கு வராது
நடுவில் நின்று இரண்டு பேருக்கும்
அவரே பேசினார்.
நான் பத்து வாக்கியம் சொன்னேன்.
அங்கே போய்ச் சேர்ந்தது மூன்று சொல்.
அரபி சிக்கனமான மொழியாக இருக்கலாம்.

பச்சைத் தாள் அவருக்கு.
சிவப்பு எனக்கு.

மூன்றாம் நாள் ராத்திரி
மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது,
சொறிய ஸ்கேல் தேடும்போது ஞாபகம் வருகிறது:
சிதறிய துணியில் ஒரு கந்தூரா,
டோக்கன் நூற்றுப் பதினேழு,
நெஞ்சுக்குக் குறுக்கே டயர்த் தடம்.
முத்திரை குத்தியதுபோல் வரி வரியாக.
நின்ற கார்
துணிமேல் எப்படி ஏறும்?

கடைக்குப் போன் போட்டேன். ஷஹீதுல் எடுத்தான்.
"டென்ஷன் மத் கரோ பாய்.
கஸ்டமருக்குக் கல்யாண வீடு.
ராத்திரி பூரா உட்கார்ந்து
மூன்று தரம் ஊறவைத்து எடுத்துவிட்டேன்.
உன் பேர் கெடக் கூடாதில்லையா."
சிரிப்பு கேட்டது. வாஷிங் மெஷின் சத்தமும்.

நல்லதுடா என்றேன்.
வேறென்ன சொல்ல?
தார்க்கறைக்கு முதலில் எண்ணெய், அப்புறம்தான் சோப்பு,
அந்த வரிசையை அவன் பார்த்துக்கொண்டது என்னிடம்தான்.

போன வாரம் அதே கந்தூரா திரும்ப வந்தது.
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன்.
உள்பக்கம் திருப்பினேன்.
தையல் ஓரத்தில் நகத்தால் கீறினேன்.
காலரில் ஊது வாசம்.
மற்றபடி பால்.
இத்தனை சுத்தமாக ஒரு துணியை
நான் வெறுத்ததில்லை.
ஒற்றைக் கையால் இஸ்திரி போட்டு மாட்டினேன்.

சைக்கிள் இன்னும் ஸ்டேஷன் முற்றத்தில்தான்,
வேலியில் சாய்ந்து, மண் ஏறி.
கையெழுத்துப் போடப் போன அன்று
முன்சக்கரத்தைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினேன்.
வழுவழுவென்று சுற்றியது.
கோணிக் கிடப்பது பின்சக்கரம்.
போய் மோதியவனுக்கு
முன்சக்கரம் அல்லவா கோணும்?

இந்த ஒரு வரியை
அரபியில் எழுதித் தருவதாக
மொய்துக்கா சொல்லியிருக்கிறார்.
வெள்ளிக்கிழமை.
கடையில் கூட்டம் குறைந்தால்.